வீட்டார் நிறைந்த சபையும் வாங்கிய கடனும்

நிறுவனமொன்று வளர்வதற்கு அதன் இலாபம் போதாதவிடத்து வழிகள் இரண்டே. புதிய பங்குகளை வெளியாருக்கு விற்கலாம், அன்றேல் கடன்படலாம். பங்கை விற்றால் வட்டியில்லை, ஆயினும் வாக்குரிமையில் ஒரு பகுதி கைமாறும். கடனுக்கு வட்டி உண்டு, அதிகாரமோ வீட்டுக்குள்ளேயே இருக்கும். குடும்பத்தார் ஆளும் நிறுவனங்கள் பல கடனை நாடுவதன் காரணம் இதுவே. சொத்தனைத்தும் அதிலேயே முடங்கியிருப்பதால் கடனுக்கு அஞ்சி ஒதுங்கும் குடும்பங்களும் உண்டு. எப்பக்கம் சாய்வதென்பது பணிப்பாளர் சபையில் அமர்ந்திருப்போர் யாவர் என்பதையும் பொறுத்தது.

அமெரிக்காவின் அடெல்பியா நிறுவனத்தைப் பார்ப்போம். கிரேக்கத்திலிருந்து குடியேறியோரின் மகனான ஜோன் ரீகஸ், 1952 இல் பென்சில்வேனியாவின் கூடர்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் 300 டொலருக்குக் கேபிள் தொலைக்காட்சி உரிமமொன்றை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் பெயர், 'சகோதரர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காலப்போக்கில் அதன் சந்தாதாரர் தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டியது.

1986 இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோதும் அதிகாரம் கைநழுவவில்லை. குடும்பத்தின் சிறப்புப் பங்கு ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்குகள். பிற நிறுவனங்களை வாங்குவதற்காகப் புதிய பங்குகள் வெளியிடப்படுகையில், தம் விகிதம் குறையாதிருக்கக் குடும்பத்தாரும் பங்குகளை வாங்கினர். அதற்குரிய பணமும் கடனே! நிறுவனமும் குடும்பத்தின் தனிப்பட்ட கம்பனிகளும் ஒன்றாகக் கையொப்பமிட்டு வங்கிகளில் பெற்றவை அவை. குடும்பம் திருப்பிச் செலுத்தாவிடின் முழுத் தொகைக்கும் நிறுவனமே பொறுப்பு.

இதனைத் தடுத்திருக்க வேண்டிய சபையில் ஒன்பது பேர். அவர்களுள் ஐவர் தந்தை, மூன்று புதல்வர், மருமகன். நிதிப் பொறுப்பும் புதல்வருள் ஒருவரான திமோத்தியிடம். தந்தையின் எதிரே மகனும், மாமனாரின் எதிரே மருமகனும் 'வேண்டாம்' என்று கையுயர்த்துவரோ? நம் வீடுகளில் நடவாதது அங்கும் நடக்கவில்லை.

2002 மார்ச்சில் வெளியான கணக்கறிக்கையின் அடிக்குறிப்பொன்றில் 230 கோடி டொலர் வெளிப்பட்டது. குடும்பம் பெற்ற, நிறுவனத்தின் ஐந்தொகையில் காட்டப்படாத கடன் அது. ஜூனில் நிறுவனம் முறிவு மனுச் செய்தது. 2005 இல் மோசடிக் குற்றத்துக்காகத் தந்தைக்கு 15 ஆண்டும் திமோத்திக்கு 20 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. சேமிப்பைப் பங்காக்கியிருந்த எளியோரின் இழப்பை எவர் அளப்பார்?

நம்மவர் கடைகளும் உணவகங்களும் இன்று கம்பனிகளாகப் பதிவாகின்றன. மைத்துனரும் தமக்கையும் பெயருக்குப் பணிப்பாளராகின்றனர். கடனுக்கு வங்கி நீட்டும் பிணைப்பத்திரத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்னும் தொடர் இருப்பின், முழுக்கடனையும் கையொப்பமிட்ட எவரிடமும் வங்கி கேட்கலாம். பிணைக்கு உச்சத்தொகை குறிக்கப்பட்டுள்ளதா, இனி வாங்கும் கடன்களையும் அது தழுவுமா என்ற இரு வினாக்களையும் கையொப்பமிடுமுன் வங்கியாளரிடமே கேட்கலாம். மைத்துனர் மனம் நோவார் என்று நாம் கேளாதிருப்பதே வழக்கம்.