தோழியின் பங்கு



சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரை அடுத்து, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் நாம் பணியாற்றி வந்தோம். ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து மக்கள் யாவரும் மலைச்சரிவில் இறங்கிச் சென்ற பின்னும், கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் கோவில் வாசலிலேயே நின்றிருந்தார். வெகுநேரம் தயங்கிய பின் வாய் திறந்தார்.

“சாமி, பக்கத்து லைன் வீட்டு அக்காவுக்கு மார்பிலே ஒரு கட்டி. நாலு மாசமா மறைச்சு வெச்சிருக்காங்க. செலவுக்குப் பயம், வீட்டுக்காரருக்கும் பயம். நீங்க அவர்கிட்டே ஒரு வார்த்தை சொல்லணும்.”

நாம் உரைத்த மறுமொழியை எண்ணும்போது இன்றும் நாணுகிறோம். “அது அவர்கள் குடும்ப விஷயம், அம்மா. அந்தப் பெண்ணே வந்து சொல்லட்டும், பிறர் வீட்டு இரகசியத்தை நீ சுமந்து திரிவது நன்றன்று” என்று கூறி அனுப்பிவிட்டோம். ஒருத்தி தன் தோழிக்காகப் பேசியதை நாம் புறணி என்று எண்ணிக்கொண்டோம்.

அவர் நம்மிடம் வாதாடவில்லை. மறுநாள் ஒரு நாள் கூலியை இழந்து, தோழியின் கையைப் பற்றிப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைப்பது அரிதாயிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். நோயாளி வேலைக்குத் திரும்பிய மாதங்களில் அவர் கைக்கு முன்னைய வேகம் இல்லை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தோழி தன் சாக்கிலிருந்து சில பிடிகளை எடுத்து அவர் சாக்கில் போட்டுவிடுவார் என்பது பின்னர் நம் செவிக்கு எட்டியது. தன் உழைப்பின் பங்கை ஒருத்தி மற்றொருத்திக்கு வழங்கினாள். அதனால் எவருக்கும் நட்டமில்லை, அவள் ஒருத்தியைத் தவிர. இன்று இருவரும் பேரப்பிள்ளைகளுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து திருப்பலி காண்கின்றனர்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. இத்தனை ஆண்டு படித்தும், பிரசங்கித்தும், பெண்களின் நட்பைப் பற்றி நாம் ஏன் ஏதும் அறியாதிருந்தோம்? நம் அலமாரியில் இருந்த பழைய நூல்களை மீண்டும் புரட்டினோம். விடை அங்கேயே காத்திருந்தது.

குருமடத்தில் பயின்ற நாளில் சிலப்பதிகாரத்தைப் பாடமாகக் கேட்டோம். கண்ணகியின் கற்பையும், பாண்டியனின் நீதியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் தேவந்தி என்னும் பெண்ணை நாம் பொருட்படுத்தியதே இல்லை. அவள் கண்ணகியின் தோழி. தன் கணவனும் பிரிந்து சென்றுவிட்ட நிலையில் கோவில் வழிபாட்டில் நாளைக் கழித்து வந்தவள். கோவலன் மாதவியிடம் சென்றிருந்த காலத்தில் கண்ணகியைத் தேடி வந்து, அவளுக்காக வேண்டிக்கொள்கிறாள். பெற்றோரிடமும் மாமன் மாமியிடமும் துயரை மறைத்து வாழ்ந்த கண்ணகி, தான் கண்ட தீய கனவை இவளிடத்தில்தான் சொல்கிறாள். அக்காதைக்கே கனாத்திறம் உரைத்த காதை என்று பெயர்.

தேவந்தி ஒரு பரிகாரம் கூறுகிறாள்: இன்ன குளங்களில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று. கண்ணகி அதை ஏற்கவில்லை. அது தனக்குப் பெருமை தராது என்று மறுத்துவிடுகிறாள். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ஆலோசனை தள்ளப்பட்டது, ஆனால் நட்பு தள்ளப்படவில்லை. கதை பல காதைகளைக் கடந்து, கோவலன் மாண்டு, மதுரை எரிந்து, எல்லாம் முடிந்த பின்பு வாழ்த்துக் காதையில் தேவந்தி மீண்டும் வருகிறாள். புகாரிலிருந்து புறப்பட்டு, மதுரையைக் கடந்து, மலையேறிச் சேர நாடு வந்து, கண்ணகிக்காக அழுகிறாள். நம் சொல்லைக் கேளாதவர்கள் துன்பத்தில் விழும்போது, “அன்றே சொன்னேனே” என்று விலகி நிற்பது நம் இயல்பு. தேவந்தியோ மலை கடந்து வந்தாள்.

நம் மலைநாட்டுக்கு உறவான மற்றொரு நூலும் உண்டு. மலையையும் மலை சார்ந்த வாழ்வையும் குறிஞ்சி என வகுத்தனர் நம் முன்னோர். பன்னீராண்டுக்கு ஒருமுறை நம் சரிவுகளை நீலமாக்கும் மலருக்கும் அதுவே பெயர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. அவ்வளவும் ஒரு தோழியின் பேச்சு. தலைவி மெலிந்து வாடுகிறாள். காரணம் அறியாத செவிலித்தாய் தெய்வங்களை வேண்டியும் குறி கேட்டும் அலைகிறாள். தலைவிக்கோ நாணம் வாயை அடைக்கிறது. அப்போது தோழி முன்வந்து, தினைப்புனத்தில் நிகழ்ந்ததையும், மதயானை பாய்ந்து வந்தபோது தங்களைக் காத்த இளைஞனையும், இருவர் உள்ளமும் ஒன்றியதையும் மறைக்காமல் எடுத்துரைக்கிறாள். இதனை அறத்தொடு நிற்றல் என்பர் இலக்கணத்தார்.

அறத்தொடு நிற்றல்! தோழி ஊராரிடம் போய்ச் சொல்லவில்லை; உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும், உரிய வேளையில், பழிக்கு அஞ்சாமல் சொல்கிறாள். புறணிக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ? புறணி பேசுபவர் கேட்போரை மகிழ்விக்கப் பேசுகிறார். தோழி, பேச இயலாதவளைக் காப்பாற்றப் பேசுகிறாள். கோவில் வாசலில் நின்ற அந்தப் பெண்மணி குறிஞ்சிப்பாட்டைப் படித்ததில்லை. ஆயினும் அதன் தோழியாக நின்றவர் அவரே. படித்திருந்த நாமோ அவரை அடையாளம் காணவில்லை.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நூலில், பழைய கதைகளில் பெண்கள் பெரும்பாலும் ஆண்களோடு உள்ள உறவில் மட்டுமே காட்டப்படுகின்றனர். ஒருத்தி மற்றொருத்திக்குத் தோழியாக இருப்பது அரிதாகவே எழுதப்பட்டது என்று குறைபட்டுக்கொண்டார். நம் தமிழ்த் தோழியும் பெரும்பாலும் தலைவனைப் பற்றியே பேசுகிறாள் என்பது உண்மையே. எனினும், பேச உரிமையுள்ள ஒருத்தியாக அவளை நம் புலவர்கள் நிறுத்தினார்கள்.

கதைகளின் உள்ளே மட்டுமன்று, கதைகள் பிறப்பதற்கும் தோழமை காரணமாயிருந்ததுண்டு. 1901ஆம் ஆண்டு பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் ஐந்தரை வயதிலேயே மணமுடிக்கப்பட்டவர். பள்ளிக்குச் சென்று பயிலும் வாய்ப்புப் பெறாதவர். ஆனால் கதை சொல்வதில் வல்லவர். அவர் உள்ளத்தில் உருவான இந்திர மோகனா என்னும் நாடகத்தை, அவர் சொல்லச் சொல்லத் தாளில் எழுதியவர் அவருடைய தோழி பட்டம்மாள். 1924இல் அது நூலாயிற்று. அடுத்த ஆண்டே ஜகன்மோகினி இதழைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார் கோதைநாயகி அம்மாள். 1960இல் மறையும் முன் அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அந்நாவல்களை வாசித்த இல்லத்தரசியருள் எத்தனை பேர் பட்டம்மாளின் பெயரை அறிந்திருப்பர்? கைகொடுத்தவள் முகம் காட்டவில்லை. தன் சாக்கிலிருந்து கொழுந்தை எடுத்துப் போட்டவரைப் போலவே.

ஆக, கதைகள் நமக்குக் கற்பிப்பது யாது? கேட்பதற்கு ஒருத்தி, பேசுவதற்கு ஒருத்தி, கைகொடுப்பதற்கு ஒருத்தி. இம்மூன்றும் இனிய சொற்களால் அமைவன அல்ல. ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒன்றை இழக்க நேரிடுகிறது. தேவந்தி நடந்த தொலைவும், தோழி ஏற்ற பழியும், பட்டம்மாளின் உழைப்பும் அத்தகையனவே.

குடும்பத் தலைவர்களே, திருமணத்தோடு ஆணின் நட்பு முறிவதில்லை. டீக்கடையிலும் தொழிற்சங்கத்திலும் அது தொடர்கிறது. பெண்ணின் நட்போ தாலி ஏறிய அன்றே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. “அவளோடு உனக்கென்ன பேச்சு?” என்ற ஒரு கேள்வியால் அதை நாம் முடித்துவைக்கிறோம். உங்கள் மனைவியின் தோழி யார் என்று உங்களுக்குத் தெரியுமா? இவ்வாரம் கேட்டறியுங்கள். மாமியார்களே, மருமகளைத் தேடி ஒருத்தி வாசலுக்கு வந்தால் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, சற்று நேரம் இருவரையும் தனியே பேச விடுங்கள். தாய்மார்களே, தோழி உங்களிடம் ஒப்படைத்த இரகசியத்தைக் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து வந்தால், உதவக்கூடியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பங்குக் குருவாகிய நாமும் இனி வாசலிலிருந்தே அனுப்பிவிடமாட்டோம்.

கன்னிமரியாளும், தன் உறவினளான எலிசபெத்தம்மாளுக்குத் துணையாக மலைநாட்டுக்குப் புறப்பட்டுச் சென்று, ஏறத்தாழ மூன்று மாதங்கள் உடனிருந்ததாக லூக்காஸ் நற்செய்தி கூறுகிறது. அம்மலைப்பயணத்தைச் செபமாலையின் மறையுண்மைகளுள் ஒன்றாக நாம் தியானிக்கிறோம். செபமாலையை முடித்து எழும்போது, அடுத்த வீட்டுக் கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உறங்கச் செல்வோமாக.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.