காவலி போரய்யா: அடிக்குறிப்பிலும் இடம்பெறாத ஒரு கவிஞர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கோயில்களையும் பாளையங்களையும் ஆராயும் மாணவர், மெக்கன்சி தொகுப்பின் கைபீதுகளில் ஒன்றையேனும் மேற்கோள் காட்டாமல் ஆய்வேட்டை முடிப்பது அரிது. அடிக்குறிப்பில் மெக்கன்சியின் பெயர் நிற்கும். காவலி வேங்கட போரய்யாவின் பெயர் நிற்பதில்லை.

போரய்யா 1776-இல் ஏலூரில் பிறந்து 1803-இல் மறைந்தார். தெலுங்கு, வடமொழி, பாரசீகம், ஆங்கிலம் முதலியன கற்றவர். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் கண்டவர். காலின் மெக்கன்சிக்கோ இந்நாட்டு மொழிகளில் தேர்ச்சி இல்லை. இந்திய அறிவின் வாயிலைத் தமக்குத் திறந்துவிட்டவர் இந்த இளைஞரே என்று அவரே 1817-இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சமணர் குறித்துப் போரய்யா மொழிபெயர்த்தளித்த கட்டுரை, அவர் மறைந்த பின்னர் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் அவர் பெயருடனேயே வெளிவந்தது. ஆதலால் மெக்கன்சி அவரை மறைத்தார் எனக் கூறுவது நேர்மையாகாது.

மறைத்தது பட்டியல்முறையே. 1828-இல் வில்சன் வெளியிட்ட விளக்க அட்டவணை, தொகுப்பு முழுவதையும் மெக்கன்சியின் பெயரால் நிலைநிறுத்தியது. மறு ஆண்டே போரய்யாவின் தம்பி இராமசாமி, தக்காணக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் நூலாக்கி, தமிழ், தெலுங்கு, வடமொழிப் புலவர்களின் வரிசையில் தமையனையும் சேர்த்தார். தம்பியின் பாசம் அதில் கலந்திருக்கலாம்; அதைக் கணக்கிட்டே வாசிக்க வேண்டும். எனினும், ‘உதவியாளர்’ என்ற சொல்லுக்குள் ஒரு கவிஞர் அடங்கிப்போவதை மறுத்த முதற்குரல் அதுவே.

அடங்கிப்போனதன் விளைவு 1836-இல் வெளிப்பட்டது. மெக்கன்சி விட்டுச்சென்ற பணியைத் தொடர மற்றொரு சகோதரர் இலட்சுமய்யா முன்வந்தபோது, பிரின்செப் முதலியோர் அடங்கிய ஆசியக் கழகக் குழு அதற்குரிய தகுதி அவருக்கு இல்லை என்று ஒதுக்கியது. பணி பின்னர் வில்லியம் டெய்லரிடம் சென்றது. சுவடிகளைத் திரட்டுவதில் பல்லாண்டு உழைத்தவருக்குச் சுவடிகளை விளக்கும் உரிமை இல்லை என்றாயிற்று. உழைப்பவர் ஒருவர், ஆசிரியர் வேறொருவர் என்னும் பிரிவினை வேரூன்றியது இவ்வாறே.

அப்பிரிவினை இன்றும் நீங்கவில்லை. கதைப்பாடலைப் பாடித்தரும் மூதாட்டி ‘தகவலாளர்’ ஆகிறார். சுவடியைப் படித்துப் படியெடுத்துத் தரும் முதியவர் நன்றியுரையில் ஒரு வரியாகிறார். இன்றைய ஆய்வு மாணவர் ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கும் அதே ஏட்டில் அதன் பட்டியல்முறையைத் தாமும் பின்பற்றுகிறார்.

மாற்றம் கடினமன்று. சுவடி அட்டவணைகளில் திரட்டியவர், படித்தவர், பெயர்த்தவர் ஆகியோருக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். கைபீதை மேற்கோள் காட்டுமிடத்து, சுவடியிலேயே பெயர் காணப்படுமாயின் அதனையும் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். இருபத்தேழு ஆண்டே வாழ்ந்த ஒருவருக்குச் சிலை எழுப்புவதினும், அவர் செய்த வேலைக்கு எதிரே அவர் பெயரை எழுதுவதே ஆய்வுலகம் செலுத்தக்கூடிய உண்மையான கடன்.