விட்டத்தில் இல்லை அறம்

சிறுவிட்டத் துப்பாக்கியால் மானைச் சுடுவது கொடுமை என்போர், அறத்தை அங்குலத்தால் அளக்கின்றனர். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ரோ மானுக்கு 0.240 அங்குலத்திற்குக் குறைந்த துப்பாக்கியை விலக்குகிறது. ஸ்காட்லாந்து அதே மானுக்கு 0.22 வகையை ஏற்கிறது. எல்லை கடந்தால் மானின் விலா தடித்துவிடுமோ?

குண்டின் கட்டமைப்பை நோக்குக. நரிக்கெனச் செய்த மெல்லுறைக் குண்டு தோளெலும்பிலேயே நொறுங்கக்கூடும்; முழுவதும் உலோக உறையிட்டதோ ஊசிபோல் ஊடுருவிச் செல்லும். விரிந்தும் நொறுங்காமல் நுரையீரலைக் கடக்கும் குண்டே மானை விரைந்து வீழ்த்தும்.

உடனே 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனத்தை நீட்டுவர். அது போருக்கானது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலை பெயர் தந்த அவ்வகைக் குண்டை மனிதர்மீது தடுத்தனர்; மானுக்கோ இங்கிலாந்துச் சட்டமே மென்முனை அல்லது குழிமுனைக் குண்டைக் கட்டாயமாக்கியது. குண்டு விரியாவிடில், காயத்தோடு புதரில் ஒளிந்து மெல்லச் சாவது மான்தான்.