செவிலிக்கு வயது என்ன?

நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தி தாதிமை படிக்கப் போவதாகச் சொன்னால், சிங்கப்பூரில் ஒரு தமிழ் வீட்டில் முதலில் எழுவது மௌனம். அடுத்து எழுவது சிரிப்பு. எந்த வீடு என்று தேட வேண்டா. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் எந்தத் தளத்திலும் அவ்வீட்டைக் காணலாம். அவள் இருபது ஆண்டுகள் கப்பல் நிறுவனமொன்றில் கணக்கு எழுதியவள். நிறுவனம் கணக்குப் பிரிவைக் கணினியிடமும் கடல் கடந்த அலுவலகத்திடமும் ஒப்படைத்துவிட்டு, ஆட்குறைப்பு ஈட்டுத்தொகையைக் கையில் கொடுத்து அனுப்பியது. மகன் தேசிய சேவையில் இருக்கிறான். மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். கணவருக்கு வேலை இருக்கிறது. வீட்டுக் கடனும் இருக்கிறது.

மாமியார் கேட்டது ஒரே கேள்வி: “இந்த வயதிலா, அம்மா?” நாத்தனார் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: “அண்ணி, நம் குடும்பத்தில் யாரும் அந்த வேலைக்குப் போனதில்லையே!” கணவர் சொன்னது ஒரே சொல்: “பார்க்கலாம்.” தமிழ் வீடுகளில் இச்சொல்லுக்கு ‘வேண்டாம்’ என்றொரு பொருளுண்டு என்பதை அகராதி தொகுத்தோர் ஏனோ குறிக்காமல் விட்டனர்.

வயதைப் பற்றிய கேள்வி வெறும் கணக்குக் கேள்வி. கணக்கு எழுதியவளிடம் அது நெடுநேரம் நிற்காது. பட்டமோ பட்டயமோ பெற்று வேறு தொழில் செய்தோர் தாதியராவதற்கென்று சிங்கப்பூரில் தொழில் மாற்றுத் திட்டம் ஒன்று உள்ளது. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாண்டுப் பட்டயக் கல்வி, பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை, முடித்த பின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் ஒப்பந்தம் ஆகியவை அதன் கூறுகள். நாற்பத்து மூன்றில் தொடங்கினால் நாற்பத்தைந்தில் முடியும். ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆயிற்று. 2026 ஜூலை முதல் 64 என்று அரசு அறிவித்தது. எப்படிக் கணக்கிட்டாலும் பதினெட்டு ஆண்டு எஞ்சுகிறது. அவள் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுத்த காலத்தினும் அது இரண்டே ஆண்டு குறைவு. அந்த இருபது ஆண்டைப் பெரிதென்று எண்ணுவோர் இந்தப் பதினெட்டை மட்டும் சிறிதென்று ஒதுக்குவது எந்த வாய்பாட்டின்படியோ?

ஆதலின் வயது என்பது போர்வை. போர்வைக்குள் இருப்பதை நாத்தனாரே சொல்லிவிட்டார், அதுவும் பாதிதான். முழுவதையும் சொல்வதானால் இப்படிச் சொல்ல வேண்டும்: பிறருடைய மலசலத்தைத் துடைப்பதும், முன்பின் அறியாத ஆடவரின் உடம்பைத் தொட்டுக் கழுவுவதும், எந்தக் குலம் எந்த இனம் என்று பாராமல் எச்சிலையும் சீழையும் கையால் எடுப்பதும் ‘நம்மவர்’ செய்யத்தக்கன அல்ல என்னும் எண்ணம். இது நோயைக் கண்ட அருவருப்பு அன்று. தொழிலைக் கண்ட அருவருப்பு. அதே மகள் மருத்துவம் படிக்கப் போனால் நகையை அடகு வைத்தேனும் அனுப்புவார்கள். மருத்துவரும் சீழைத் தொடுகிறார். மருத்துவரும் ஆடவர் உடம்பைத் தொடுகிறார். ஆனால் தொட்ட கையைக் கழுவிக்கொண்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விடலாம். தாதியோ அங்கேயே நிற்க வேண்டும். நிற்பவருக்கு மதிப்புக் குறைவு என்பதே இங்கு நிலவும் இலக்கணம்.

மலாயாத் தோட்டப்புறத்து வாழ்வை அறிந்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். தோட்டத்து டிரசர் என்றால் தனி மரியாதை. அவர் புண்ணைக் கழுவினார், கட்டுப் போட்டார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். அவர் செய்த வேலையில் பெரும்பகுதி தாதியின் வேலையே. ஆயினும் அவரைக் கண்டால் மக்கள் எழுந்து நின்றனர். அவர் ஆடவர், கிராணியோடு சமமாக அமர்ந்து பேசுபவர், தோட்ட அலுவலரில் ஒருவர் என்பதற்கு மேல் அந்த மரியாதைக்கு வேறு காரணம் சொல்வது கடினம். அதே வேலையைச் சேலை கட்டியவள் செய்தபோது அது ஆயா வேலையாயிற்று. மதிப்பு வேலையைப் பின்பற்றவில்லை, செய்தவரைப் பின்பற்றியது.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இந்நாட்டில் வழங்கும் ‘தாதி’ என்னும் சொல்லுக்குப் பழைய நூல்களில் வளர்ப்புத்தாய் என்ற பொருளும் உண்டு, பணிப்பெண் என்ற பொருளும் உண்டு. இரண்டாம் பொருள்தான் பலர் செவியில் இன்னும் ஒலிக்கிறது போலும். தமிழ்நாட்டில் வழங்கும் ‘செவிலி’ என்னும் சொல்லையோ வகுப்பறையில் எத்துணை மதிப்போடு கற்பிக்கிறோம்! அகப்பாடல்களின் செவிலி யார்? தலைவியின் தோழி அவளுடைய மகள் என்கிறது தொல்காப்பியம். பருவமடைந்த மகளை உடைய ஒருத்தி இளம்பெண்ணாக இருத்தல் இயலாது. அவள் நடுத்தர வயதைத் தொட்டவள். சிலவேளை கடந்தவளும் ஆவாள். தலைவி உடன்போக்கில் சென்ற பின், பெற்ற தாய் வீட்டிலிருந்து புலம்புகிறாள். வெயில் காயும் சுரத்தில் காலடி வைத்து, எதிர்வருவோரை வழிமறித்து வினவிச் செல்பவள் செவிலி. இந்த வயதில் உனக்கு இஃது எதற்கு என்று எந்தப் புலவரும் அவளைக் கேட்கவில்லை. தேர்வுத்தாளில் அச்செவிலியின் பெருமையை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களே, தம் வீட்டுச் செவிலியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துக் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து அம்மருந்தை இயற்றுபவரையும் அது ஒரு கூறாகவே எண்ணுகிறது. அவரை மருத்துவரின் ஏவலர் என்று கீழே வைக்கவில்லை. அச்சொல் ஆண்பால் ஈற்றில் அமைந்திருப்பதை, மகன் தாதிமை படிக்க விரும்பினால் முகம் சுளிக்கும் தந்தையர் கருதிப் பார்க்கலாம்.

இனி, எதிர்த்திசையிலிருந்து வரும் கேட்டையும் சொல்ல வேண்டும். சிரிப்பவர்களைவிடப் புகழ்பவர்களால் விளையும் தீங்கு சிறிதன்று. ‘தெய்வத் தொண்டு’, ‘வெண்ணிற ஆடைத் தேவதைகள்’ என்று மேடைகளில் சூட்டப்படும் மாலைகள் பல. சிங்கப்பூரில் ஆகஸ்டு 1 தாதியர் நாள். 1885இல் அந்நாளில்தான் கன்னிமாடத்துத் துறவியர் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணும் பணியை ஏற்றனர். தொடக்கம் துறவியரால் ஆயிற்று என்பதற்காக, பின்வந்தோர் அனைவரும் துறவியராகவே வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா? துறவிக்கு வீட்டுக் கடன் இல்லை. பள்ளிக் கட்டணம் கேட்கும் பிள்ளையும் இல்லை. தொண்டு என்று சொல்லிவிட்டால் ஊதியத்தைப் பற்றிப் பேசுவது பேராசையாகிவிடுகிறது. களைப்பைப் பற்றிப் பேசுவது குறைபாடாகிவிடுகிறது. புகழ்ச்சி மட்டும் ஆளைத் தக்கவைக்காது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. பொதுத்துறைத் தாதியர் தொடர்ந்து பணியாற்றினால் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம் என்று 2024இல் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு வேறென்ன பொருள்?

தொண்டு என்னும் சொல் மறைப்பது ஊதியத்தை மட்டுமன்று, அறிவையும் மறைக்கிறது. நான்கு மணி நேரத்தில் 500 மில்லிலிட்டர் திரவம் நோயாளியின் நரம்பில் இறங்க வேண்டும். குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடும் அளவினது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஏறத்தாழ 42. இதயம் தளர்ந்த முதியவருக்கு அது வேகமாக இறங்கினால் நுரையீரலில் நீர் கோக்கும். இன்று பொறிகள் சொட்டுகளை எண்ணுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பொறிக்கு எண்ணைக் கொடுப்பதும், பொறி காட்டும் எண் தவறோ என்று ஐயுறுவதும் தாதியின் அறிவே. உடற்கூறு, மருந்தியல், நோய்த்தொற்றுத் தடுப்பு என்று அனைத்தையும் ஆங்கிலத்தில் கற்க வேண்டும். தேர்வெழுதி இருபத்தைந்து ஆண்டான ஒருத்தி, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு தேர்வெழுத வேண்டும். அன்பு இருந்தால் போதும் என்று அவளை அங்கே அனுப்புகிறவர், நீந்தத் தெரியாதவளை நல்லவள் என்று வாழ்த்திக் கடலில் இறக்குகிறவர்.

எனவே அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. நோயுற்ற தாயை ஈராண்டு பார்த்தேன், ஆதலால் இத்தொழில் எனக்கு வரும் என்று பலர் கூறுவர். அது நல்ல தொடக்கம், சான்று ஆகாது. தாயின் ஏச்சைப் பொறுப்பது வேறு. பெயர் தெரியாத ஒருவர் தட்டைத் தட்டிவிட்டுத் திட்டும்போது, அடுத்த படுக்கைக்காரர் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டேயிருக்க, இருவருக்கும் உரிய மருந்தை மாற்றாமல் கொடுப்பது வேறு. முதுகு எப்படி இருக்கிறது? படுக்கையிலுள்ளவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையில் முதலில் தேய்வது தாதியின் இடுப்பு. இரவுப்பணி முடிந்து காலையில் வீடு திரும்பி, பகல் வெளிச்சத்தில் உறங்க உடம்பு இசையுமா? இருபத்தாறு வயதுத் தாதி “அக்கா, இதை மறுபடியும் செய்யுங்கள்” என்று எல்லார் முன்னும் திருத்தும்போது, இருபது ஆண்டு மூப்பை விழுங்கிக்கொள்ள மனம் இசையுமா? உடம்பு இசைந்து இந்த மனம் இசையாமல் விலகுவதும் நடக்கக்கூடியதே.

அச்சமும் நியாயமானதே. 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைப் பற்றி 33 பேரைக் கொன்றது. இறந்தவருள் ஐவர் மருத்துவமனைப் பணியாளர். இதைச் சொல்லி அஞ்சும் மாமியாரைக் கோழை என்று எவரும் இகழலாகாது. வயதைச் சொல்லாமல் இதைச் சொல்லியிருந்தால் அவர் வாதம் மதிக்கத்தக்கதாக இருந்திருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு வாக்கியம் போதும்: இரண்டாண்டு உதவித்தொகையில் வீட்டுக் கடன் அடையுமா என்பதைத் தாளில் எழுதிப் பாராமல் விண்ணப்பத்தில் கையெழுத்திடுதல் தகாது. வேலையைப் பொறுத்தவரை, முதியோர் இல்லமொன்றில் சில வாரம் தொண்டூழியராகக் காலை முதல் மாலை வரை நின்று பார்ப்பதைப் போன்ற சோதனை வேறில்லை. ஓடிப்போக வேண்டும் என்று தோன்றினால் ஓடிவந்துவிடலாம்; யாருக்கும் இழப்பில்லை.

இவ்வளவும் கடந்து நிற்பவளிடம் பத்தொன்பது வயதினரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வலி என்பதைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, பிசைகிறது, இறுக்குகிறது, சுருக்கென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிறது. நெஞ்சு ‘இறுக்குகிறது’ என்பதும் நெஞ்சு ‘எரிகிறது’ என்பதும் மருத்துவருக்கு ஒரே செய்தி அல்ல. நீரிழிவு நோயாளியின் காலில் ‘எறும்பு ஊர்வது’ நரம்பு கெடுவதன் அறிகுறியாகலாம். மருத்துவமனையில் கேட்கப்படுவதோ, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு ஓர் எண் சொல்லுங்கள் என்பது. எண்பது வயது மூதாட்டி அதற்கு என்ன சொல்வார்? “முருகா” என்பார். குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை. பகலில் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கலாம். அதிகாலை மூன்று மணிக்குப் பேரப்பிள்ளை இல்லை. “எப்படி வலிக்கிறது, பாட்டி? குத்துகிறதா, இறுக்குகிறதா?” என்று கேட்கத் தெரிந்த ஒருத்தி அவ்வேளையில் படுக்கையருகே நிற்பது, தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்னும் சட்டவரியைக் காட்டிலும் அந்த மூதாட்டிக்குப் பயன்படும். அவள் தமிழர்க்கு மட்டும் தாதியாக இருக்கப் போவதில்லை என்பதும் மெய்யே; மலாய்ப் பாட்டிக்கும் ஹொக்கியன் பேசும் தாத்தாவுக்கும் வலியைக் கேட்கும் நான்கு சொற்களை அவள் கற்றுக்கொள்ள வேண்டும். நடுவயதில் புதுமொழி நுழையாது என்பாரும் உண்டு. அவர்கள் கப்பல் நிறுவனக் கணக்கரைப் பார்த்ததில்லை.

எஞ்சியிருப்பது கணவரின் ‘பார்க்கலாம்’. மூன்று மறுப்புகளிலும் கடினமானது அதுவே. ஏனெனில் அதில் வாதமே இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை சிறிய சிறிய கேள்விகள். அவள் இரவுப்பணிக்குப் போகும் நாளில் உலை வைப்பவர் யார்? அவள் பகலில் உறங்கும்போது தொலைக்காட்சியை அணைப்பவர் யார்? மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்பவர் யார்? பெண் வேலை மாறினால் வீடும் வேலை மாற வேண்டும் என்பதை ஏற்காத வீட்டில், எந்த அரசுத் திட்டமும் எடுபடாது. ‘உன் விருப்பம்’ என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் காத்திருக்கும் ஆடவர், தடுப்பவரினும் நல்லவர் அல்லர்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் உண்டு. அதற்குள் அந்த வீட்டில் யாரேனும் சோறு வடிக்கக் கற்றாக வேண்டும். தேசிய சேவை முகாமிலிருந்து வார இறுதியில் வரும் மகனும் அதில் சேர்த்தி.