இல்லும் இன்மையும்

'இல்' என்னும் சிறுசொல் தமிழில் வீட்டையும் உணர்த்தும், இன்மையையும் உணர்த்தும். மனநோயால் வீடிழந்து அலைவோரைக் காணுந்தோறும் இவ்விரு பொருளும் ஒருசேர நம் நெஞ்சில் தைக்கின்றன. நோயால் பிழைப்புப் போகிறது, உற்றார் சலித்துக் கைவிடுகின்றனர், தெருவே தங்குமிடமாகிறது. தெருவிலோ உறக்கமில்லை, வேளை தவறாத மருந்தில்லை, ஆகவே நோய் மேலும் முற்றுகிறது.

இவர்களை நம் சமுதாயம் முற்றிலும் புறக்கணித்ததில்லை. தர்கா வாயில்களில் இவர்களுக்கு நிழலும் கந்தூரிச் சோறும் கிடைத்தே வந்துள்ளன. ஆயினும், 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் பற்றிய தீ 28 மனநோயாளிகளைப் பலிகொண்டது. சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தோர்க்குத் தப்பிக்க வழியில்லை. அங்கே கூரை இருந்தது, வீடு இருக்கவில்லை.

வீடு என்பது யாது? சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு இதற்கு விடை காட்டியுள்ளது. வீடற்ற, மனநோயுற்ற பெண்களுக்குப் புகலிடமாக எழுந்தது அவ்வமைப்பு. நலம்பெற்றுக் குடும்பத்தை அடைந்தோர் பலர். அடைய இயலாதோர் காப்பகத்திலேயே முதுமை எய்துவதா என்னும் வினாவிலிருந்து 2015இல் 'ஹோம் அகெய்ன்' திட்டம் பிறந்தது. ஊர் நடுவே ஒரு வாடகை வீடு. அதில் நால்வர் அல்லது ஐவர். உடனிருந்து உதவப் பணியாளர். சமைப்பதும், கடைக்குச் செல்வதும், அண்டை வீட்டாரோடு உரையாடுவதும் அவர்தம் அன்றாட வாழ்வாகின்றன.

குணமடைந்த பின்னரன்றோ வீடு தரவேண்டும் எனச் சிலர் வினவலாம். வீடின்றிக் குணம் நிலைப்பதில்லை என்பதே நம் கருத்து. குடும்பமோ வீடோ இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் கூடாதென 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் விதிக்கிறது; சங்கிலியையும் அது தடைசெய்துள்ளது. ஆனால் சட்டம் கதவைத் திறக்கலாம். குடியிருக்க இடந்தர வேண்டியவர் நாமே.

திருமறை ஜகாத்துக்கு உரியோரை எண்வகையினராக வகுத்துள்ளது. வறியோர் அவருள் முதல்வர். வீடும் உறவும் இழந்த நோயாளியினும் வறியவர் யாவர்? எனவே ஜமாஅத் ஒவ்வொன்றும் தக்கதொரு மனநலத் தொண்டமைப்பின் துணையோடு ஒரு வீட்டின் வாடகைப் பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பொருள் ஈவதினும் அரியது மற்றொன்று உண்டு: அவ்வீடு நம் தெருவிலேயே அமைய இசைதல். ஒருவேளைச் சோறளித்து அனுப்பிவிடுதல் எளிது. அண்டை வீட்டாராக ஏற்றலே அறம். அதற்கு முன்வருவோமாக!