ஊர்திகளில் ஒலிக்கருவிகள்: வளர்ச்சியும் ஒரு வேண்டுகோளும்

ஒரு காலத்தின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அக்காலத்து இலக்கியங்களை நாடுவர். மக்கள் அன்றாடம் கையாண்ட கருவிகளும் அத்தகைய சான்றுகளே. மகிழுந்தின் முகப்பில் பொருத்தப்பெறும் ஒலிக்கருவி அவற்றுள் ஒன்று. கடந்த நாற்பது ஆண்டுகளில் அது அடைந்துள்ள மாற்றம் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மாற்றத்தின் வேகத்தில், அக்கருவிக்கு முதன்முதல் உயிர் தந்த வானொலி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வருகிறது. அது ஊர்தியைவிட்டு நீங்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வானொலியும் நாடாவும்

ஊர்திக்குள் ஒலித்த முதற்குரல் வானொலியின் குரலே. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இயங்கிய கால்வின் நிறுவனம் 1930ஆம் ஆண்டில் மகிழுந்துக்குரிய வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்து, அதற்கு 'மோட்டோரோலா' எனப் பெயர் சூட்டியது. நம் நாட்டிலோ வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்வதற்கே உரிமம் பெறவேண்டியிருந்தது. அம்முறை 1980களில் கைவிடப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின், நடுத்தரக் குடும்பத்தினரும் மகிழுந்து வாங்கத் தலைப்பட்டனர். ஒலிநாடாவின் பொற்காலமும் அதுவே.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை கைக்கடக்கமானது. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுடைய நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி 60 அல்லது 90 நிமிடம் பாடும். அந்நாளில் விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களின் கடைத்தெருக்களில் பாடல் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், சில நாள்களில் பேழை ஆயத்தமாகிவிடும். இசைத்தட்டில் ஒலித்த நாகூர் ஈ.எம். அனிபா அவர்களின் கம்பீரக் குரல் நாடா வழியே வேன்களிலும் பேருந்துகளிலும் உலாவந்ததை முதியோர் மறந்திரார்.

நாடாவுக்குக் குறைகளும் இருந்தன. வெயிலில் நிறுத்திய வண்டியில் பேழை நெளிந்துவிடும். தூசு படிந்தால் ஒலி மங்கும். உருளையில் சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றி மீட்டவர் பலர். ஆனால் நாடாப் பெட்டியோடு வானொலியும் இணைந்தே இருந்தது. நாடா அறுந்தால், குமிழைத் திருப்பிய மாத்திரத்தில் வானொலி பேசும்.

குறுந்தகடு முதல் தொடுதிரை வரை

1982இல் குறுந்தகடு பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் மகிழுந்துக்குரிய குறுந்தகட்டுக் கருவியும் வந்தது. 12 சென்டிமீட்டர் விட்டமுடைய தகட்டை ஒளிக்கதிர் படித்தது. நாடாவின் இரைச்சல் ஒழிந்தது. மேடுபள்ளங்களில் பாட்டுத் தாவிச் செல்லும் குறையைப் போக்க, சில நொடி ஒலியை முன்னதாகவே படித்துச் சேமிக்கும் நினைவகம் சேர்க்கப்பட்டது. பின்னர் எம்.பி.3 முறையால் ஒரே தகட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அடங்கின. அடுத்து விரலளவான பென்டிரைவும், கம்பியின்றிக் கைபேசியை இணைக்கும் புளூடூத்தும் வந்தன. 2014இல் ஆப்பிள் கார்பிளேயும், 2015இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கைபேசியின் முகத்தையே வண்டியின் திரையில் காட்டலாயின.

இம்மாற்றம் கருவியின் உடலையும் மாற்றியது. 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு பொது அளவு முன்பு இருந்தது. எந்த நிறுவனத்தின் பெட்டியையும் எந்த வண்டியிலும் பொருத்த அது வழிசெய்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிவந்த பெட்டியை உள்ளூர் எலக்ட்ரீசியனே பொருத்தித் தருவார். இன்றைய வண்டிகள் பலவற்றில் குளிரூட்டி, பின்புறக் காமிரா, வழிகாட்டும் வரைபடம் யாவும் ஒரே திரைக்குள் அடங்கிவிட்டன. வானொலி அத்திரையின் ஏதோ ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மின்சார ஊர்திகளின் மின்னணுப் பகுதிகள் மத்திய அலை ஒலிபரப்பில் இரைச்சலை உண்டாக்குவதால், வெளிநாட்டு நிறுவனங்கள் சில அவ்வலைவரிசையையே நீக்கிவிட்டன. நீக்க முற்பட்ட ஃபோர்டு நிறுவனம், பேரிடர் அறிவிப்புகள் தடைப்படும் என எதிர்ப்பு எழுந்தமையால், 2023இல் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

புயல் கற்பித்த பாடம்

"கையில் கைபேசி இருக்க வானொலி எதற்கு?" என வினவுவோர் உளர். அவர்கட்கு நம் மாவட்டமே விடை கூறும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் நாள் தென்பெண்ணை வெள்ளத்தால் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலைப் போக்குவரத்து முடங்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்ததால் இரயில்கள் நிறுத்தப்பட்டன.

அத்தகைய நாளில் அனந்தபுரத்திலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ புறப்படும் ஒருவருக்கு வேண்டுவது பாட்டன்று. எச்சாலை மூடப்பட்டது, எவ்வழி திறந்துள்ளது என்னும் ஒரு சொல்லே அவருக்கு வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டால், கைபேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். தாங்கினாலும், எல்லோரும் ஒருசேர அழைத்தால் இணைப்பு நெரிசலில் திணறும். வானொலிக்கு இந்நெரிசல் இல்லை. பத்துப்பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பும் நிலையத்துக்குச் சுமை ஒன்றே. வண்டியின் 12 வோல்ட் மின்கலம் வானொலியைப் பல மணி நேரம் பேசவைக்கும். வெள்ளத்தில் சிக்கி நிற்கும் ஒவ்வொரு பேருந்தும் ஒரு செய்தி நிலையமாகக்கூடும். அதற்குரிய கருவி அதனுள் இருத்தல் வேண்டும், அவ்வளவே. கைபேசிகளில் உள்ள பண்பலை வானொலி வசதியை முடக்கலாகாது என நடுவண் அரசு 2023இல் அறிவுறுத்தியதும் பேரிடரைக் கருதியே.

செய்யத்தக்கன

முதலாவதாக, சிற்றுந்தாயினும் பேருந்தாயினும் ஊர்தி ஒவ்வொன்றிலும் வானொலி ஏற்பி கட்டாயமாதல் வேண்டும். விலை குறைந்த வகைகளில் ஒலிக்கருவியே இன்றி வண்டி விற்கும் வழக்கம் மாறவேண்டும். இரண்டாவதாக, திரையில் தேடி அலையாமல், சாலையினின்று கண்ணை எடுக்காமல் அழுத்தத்தக்க தனிப்பொத்தான் வானொலிக்கு வேண்டும். மூன்றாவதாக, கருவி மட்டும் இருந்து பயனில்லை. புயல் நாளில் வட்டந்தோறும், சாலைதோறும் நிலவரத்தை இடைவிடாது கூறும் கடமையை ஆகாசவாணியும் தனியார் பண்பலை நிலையங்களும் ஏற்றல் வேண்டும். அந்நாளிலும் திரைப்பாடலே ஒலிக்குமாயின், வானொலியைக் கைவிட்டவரைக் குறைகூற நமக்கு உரிமை இராது.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வெள்ளம் மூடிய பாலத்தை நோக்கிச் செல்பவரைத் தக்க நேரத்தில் தடுத்து நிறுத்தும் குரலும் அத்தகைய நற்செயலே. வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி'க்கென ஓர் அதிகாரம் வகுத்து, கேட்டலைச் செல்வமாகப் போற்றினார். இன்ப இசையைக் கேட்க நூறு வழி கண்ட அறிவியல், இடர் வரும் வேளையில் உயிர்காக்கும் சொல்லைக் கேட்கும் ஒரு வழியை அடைத்துவிடலாகாது. நாளை ஊர்திகளை வடிவமைக்கவும் வாங்கவும் போகின்ற மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!