கம்பத்துக்கு எதற்கு இரவல் வானம்?

"மொபைலில் எடுத்து ஆப்பில் தட்டுவதெல்லாம் ஒரு கலையா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். கருப்பு வெள்ளைக் காலத்திலேயே ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தார்கள். பிரிண்டில் தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். ஆக, படத்தைத் திருத்துவது பாவமில்லை.

பாவம் வேறு இடத்தில் இருக்கிறது. எவரோ செய்துவைத்த ப்ரீசெட்டை ஒரே தட்டில் போட்டுவிட்டு "டிஜிட்டல் ஆர்ட்" என்று பட்டம் கட்டிக்கொள்வதில்! அந்த ப்ரீசெட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு தெரியுமா? பச்சை வயல் நீலம் பாரிக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையின் ஊதா வெறும் கருப்பாகிறது. மேகமலை மேல் எந்த ஊர் வானமோ வந்து உட்காருகிறது. தேனியா, ஊட்டியா, சுவிட்சர்லாந்தா? எடுத்தவரே சொன்னால்தான் உண்டு.

2011-ல் வந்த ஸ்நாப்சீட் இன்று இலவசம். அதில் ஒரு திராட்சைக் கொத்தை மட்டும் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எதைக் கூட்டுவது, ஏன் கூட்டுவது என்று விரல் தயங்குகிறதே, கலை அங்கேதான் ஆரம்பம். தயங்காத விரல் செய்வது ரப்பர் ஸ்டாம்ப் வேலை.

மேகமலைக்கு மேல் ஏற்கெனவே ஒரு வானம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கப்பா!